ஸ்டேஜ் ஸ்ட்ரோப்பில் சிலம்பம்: கம்பு விசிறி மாதிரி விரியணும், எங்கே தப்புது?

கம்புநுனி:

சிலம்பம் சுத்தும்போது கம்பு ஒரே ஃப்ரேமில் விசிறி விரிச்ச மாதிரி தெரியணும். அதுக்கு மேடையில் போடுற, விட்டு விட்டு மின்னுற ஸ்ட்ரோப் லைட் போதுமா? கையில் இருக்கிறது இவ்வளவுதான்: 20 வாட் சின்ன பார்ட்டி ஸ்ட்ரோப் (ஜெனான் ட்யூப், பின்னாடி வேகத்துக்கு ஒரே ஒரு திருகு), சவுண்ட் சர்வீஸிலிருந்து வாங்கிய 1500 வாட் டிஎம்எக்ஸ் ஸ்ட்ரோப் (இதுவும் ஜெனான்; டிஎம்எக்ஸ்னா மேடை லைட்டைக் கன்சோலிலிருந்து ஓட்டுற சிக்னல்), ஏபிஎஸ்-சி கேமரா, 35 எம்எம் லென்ஸ், ட்ரைபாட். கம்பு ஐந்தரை அடி. நடுவில் பிடிச்சு வினாடிக்கு ஏறக்குறைய இரண்டரை சுத்து.

இதுவரை வந்த பலன்:

ஷட்டர் 1/160-ல் வச்சா பத்தில் ஒன்பது படம் கறுப்பு. மிச்சம் ஒன்றில் சில சமயம் ஃப்ரேமில் பாதி மட்டும் வெளிச்சம், மீதி இருட்டு. கோடு போட்ட மாதிரி இருக்கு.

ஷட்டரை 1 வினாடி திறந்து பெரிய ஸ்ட்ரோப்பைப் போட்டா கம்பு தெரியலை, வெள்ளையா இழுவிக்கிட்டுப் போகுது.

அதே 1 வினாடி, சின்ன ஸ்ட்ரோப், திருகை முழுசாத் திருப்பி: கம்பு கூர்மையா நிக்குது. ஆனா மங்கல் (ஐஎஸ்ஓ 100, எஃப் 8, 3 மீட்டர்). அதைவிட வேடிக்கை, பத்து கம்புக்குப் பதிலா கூட்டல் குறி மாதிரி இரண்டே கம்பு.

இன்னொரு கேள்வி. இதே ஸ்ட்ரோப்பைக் கேமராவோடு இணைச்சு சாதாரண ஸ்டுடியோ ஃப்ளாஷா ஓட்ட முடியுமா? ஹாட் ஷூவிலிருந்து (கேமரா தலையில் ஃப்ளாஷ் மாட்டுற இடம்) வயர் இழுத்தா வேலை செய்யுமா?

---

இருட்டறை:

வயர் எதையும் இழுக்காதீங்க. அதை எலக்ட்ரானிக்ஸ் தெரிஞ்சவங்க விரிவாச் சொல்லட்டும். நான் படத்தைப் பத்திப் பேசுறேன்.

கறுப்பு ஃப்ரேம் வெறும் கணக்கு. ஸ்ட்ரோப் தன் பாட்டுக்கு வினாடிக்கு 10 தடவை மின்னுது, உங்க ஷட்டர் 1/160 வினாடிதான் திறந்திருக்கு. 10-ஐ 160-ஆல் வகுத்தா நூற்றுக்கு ஆறு. நூறு படம் எடுத்தா ஆறில்தான் வெளிச்சம் விழும். பாதி ஃப்ரேம் வர்றது எப்படின்னா, ஷட்டரின் முதல் திரை முழுசா இறங்கி முடிக்காதப்போ, இல்லை இரண்டாவது திரை மூட ஆரம்பிச்ச பிறகு, மின்னல் வந்து மாட்டிக்குது. ஹாட் ஷூவில் மாட்டின ஃப்ளாஷுக்கு இந்தப் பிரச்சினை வராது. இரண்டு திரையும் விலகி நிக்கிற அந்தக் கணத்தில்தான் கேமரா அதைச் சுடச் சொல்லும். உங்க ஸ்ட்ரோப்புக்குக் கேமரா இருக்கிறதே தெரியாது.

அதனால ஸ்ட்ரோப்புக்கு ஒரே வழி திறந்த ஷட்டர். அறையை இருட்டாக்கி, ஷட்டரைத் திறந்து வச்சு, மின்னல் தானா படம் போடட்டும்னு விடுறது. புது வித்தை இல்லை. அமெரிக்காவில் எம்ஐடியில் ஹெரால்ட் எட்ஜர்ட்டன் 1930-களிலேயே இப்படித்தான் எடுத்தார். 1938-ல் டென்ஸ்மோர் ஷூட் என்ற கோல்ஃப் வீரர் மட்டை வீசுறதை அவர் எடுத்த படத்தைத் தேடிப் பாருங்க. உங்களுக்கு வேண்டிய விசிறி அப்படியே அதில் இருக்கு.

இப்போ கூட்டல் குறி. இதுதான் இந்தக் கேள்வியிலேயே ருசியான இடம்.

கம்பு வினாடிக்கு 2.5 சுத்து. மின்னல் 10. இரண்டு மின்னலுக்கு நடுவில் கம்பு கால் சுத்து, அதாவது 90 பாகை போகுது. கம்புக்கு இரண்டு முனையும் ஒரே மாதிரி இருக்கிறதால அரைச் சுத்து திரும்பினாலே பழைய இடத்தில் இருக்கிற மாதிரி ஆயிடும். ஆக முதல் மின்னலில் நிமிர்ந்து நிக்குது, இரண்டாவதில் படுத்திருக்கு, மூன்றாவதில் மறுபடி நிமிர்ந்து நிக்குது. பத்து மின்னலும் இரண்டே இடத்தில் விழுந்து ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிடுச்சு. ஸ்ட்ரோப் வெளிச்சத்தில் ஓடுற ஃபேன் நின்ன மாதிரி தெரியுமே, அதே கதை.

திருகைக் கொஞ்சம் மாத்தி 11 ஹெர்ட்ஸுக்கு, அதாவது வினாடிக்கு 11 மின்னலுக்கு, கொண்டு போங்க. ஒரு மின்னலுக்கு 82 பாகை நகரும், 1 வினாடியில் பதினொரு கம்பும் வேற வேற இடத்தில் விழும், இடைவெளி 16 பாகைக்குக் கொஞ்சம் மேல. காகிதத்தில் அழகா வருது. நிஜத்தில் கை அவ்வளவு சீரா சுத்தாது, மணிக்கட்டும் ஒரு வினாடிக்குள் நாலு விரல் நகர்ந்திருக்கும், அதனால விசிறி கோணலாத்தான் வரும்.

விசிறி ஒழுங்கா வர்றதுக்கு அரைச் சுத்துக்குள்ளேயே எல்லா மின்னலும் முடிஞ்சாகணும். 2.5 சுத்துன்னா அரைச் சுத்துக்கு 0.2 வினாடி. அதுக்குள் 12 கம்பு வேணும்னா 60 ஹெர்ட்ஸ். பார்ட்டி ஸ்ட்ரோப் பெரும்பாலும் 10, 12-க்கு மேல போகாது. இங்கேதான் நான் ஸ்ட்ரோப்பை ஓரமா வைக்கச் சொல்வேன். சாதாரண ஸ்பீட்லைட்டில் (கேமரா மேல மாட்டுற ஃப்ளாஷ்) மல்டி என்றோ ஆர்பிடி என்றோ ஒரு மோட் இருக்கும். பவர், மொத்தம் எத்தனை மின்னல், வினாடிக்கு எத்தனைன்னு மூணு எண் கேட்கும். 1/32, 12, 60 கொடுங்க. ஷட்டர் 12-ஐ 60-ஆல் வகுத்தா வர்ற 0.2-ஐ விடக் கொஞ்சம் அதிகம், 1/4 வினாடி. கேமராவில் ஷட்டர் திறந்ததும் முதல் மின்னல் போகும், மீதி பதினொண்ணும் தானா வரும். சுத்துறவர் எப்போ அழுத்துறீங்கன்னு கவலைப்படவே வேண்டாம், சுத்திக்கிட்டே இருந்தா போதும்.

ஸ்பீட்லைட் முழு பவர் 75 ஜூல்னு வச்சா 1/32-ல் ஒரு மின்னலுக்கு 2.3 ஜூல். பன்னிரண்டும் சேர்ந்து 28 ஜூல்தான், கெப்பாசிட்டரில் இருக்கிறதே தாராளம். 1/8-ல் 12 கேட்டா 112 ஜூல் ஆகுது, எட்டாவது மின்னலோட மூச்சு நின்னுடும். விசிறி பாதியில் அறுந்து நின்னா முதலில் இதைப் பாருங்க. வரிசையா சுட்டுக்கிட்டே போகவும் கூடாது, தலை சூடாயிடும். பத்து படத்துக்கு ஒரு தடவை கால் மணி நேரம் ஆற விடுங்க.

---

லைட்டு மேடை:

பெரிய ஸ்ட்ரோப் ஏன் இழுவுதுன்னு நான் சொல்றேன் தம்பி.

வாட் அதிகம்னா ஃப்ளாஷ் கூர்மையா இருக்கும்னு எல்லோரும் நினைக்கிறாங்க. தலைகீழ். 20 வாட் டப்பாவில் சின்ன கெப்பாசிட்டர் ஒண்ணு இருக்கு, அதில் இருக்கிறது மொத்தமும் ட்யூப் வழியா நூறு மைக்ரோசெகண்ட் அளவில் கொட்டித் தீர்ந்திடும். 1500, 3000 வாட் ஸ்ட்ரோப்புகளில் (மேடைக்காரங்களுக்குப் பழக்கமான மார்ட்டின் அட்டாமிக் 3000 ஜாதி) ட்யூப் நேரா மெயின்ஸ் கரண்டில் எரியுது. அரை சைக்கிள் வர்றப்போ ட்ரிகர் பண்ணுவாங்க, அந்த அரை சைக்கிள் முடியிற வரைக்கும் ட்யூப் எரியும். 50 ஹெர்ட்ஸ் கரண்டில் அரை சைக்கிள் 10 மில்லிசெகண்ட். அதில் நல்ல வெளிச்சமா எரியுறது 5 மில்லிசெகண்ட்னு குறைச்சலா வச்சாலும் உங்க கம்பு நுனி எவ்வளவு தூரம் போயிருக்கும்னு பாருங்க. நடுவில் பிடிச்ச ஐந்தரை அடிக் கம்பு, 2.5 சுத்து, நுனி வேகம் வினாடிக்கு 13 மீட்டர். 5 மில்லிசெகண்டில் ஆறரை சென்டிமீட்டர் இழுவும். சின்ன டப்பாவில் 100 மைக்ரோசெகண்டுக்கு 1.3 மில்லிமீட்டர்தான். மேடைக்கு அந்த நீளம்தான் வேணும், கண்ணுக்கு அடிக்கிற வெளிச்சம் வேணுமே. போட்டோவுக்கு ஆகாது.

இன்னொண்ணு, டிஎம்எக்ஸ் வழியா கேமராவோடு சேர்த்துச் சுடலாம்னு யோசிக்க வேண்டாம். 512 சேனலும் ஒரு தடவை போய்ச் சேரவே 23 மில்லிசெகண்ட் ஆகுது. பெட்டி அதுக்கு மேல அடுத்த அரை சைக்கிளுக்கும் காத்திருக்கும். ஷட்டர் திரை முழுசாத் திறந்து நிக்கிறது ஒண்ணு ரெண்டு மில்லிசெகண்ட். எங்கே பிடிக்கிறது?

பெரிசு உபயோகப்படுற இடமும் இருக்கு. ஒரு நிலையில் அசையாம நிக்கிறவரை, ரெண்டு மூணு நிலையா ஒரே ஃப்ரேமில் எடுக்க நல்லா இருக்கும். ஷட்டரைத் திறந்து வச்சு கன்சோலில் ஒத்தை ஃப்ளாஷ் தட்டுங்க, அவர் நகரட்டும், மறுபடி தட்டுங்க. வீட்டு 5 ஆம்பியர் பிளக்கில் மட்டும் செருகிடாதீங்க.

எல்இடி ஸ்ட்ரோப் யாராவது தர்றேன்னு சொன்னா டிம்மரை 100-ல் வச்சு மட்டும் எடுங்க. 100-க்குக் கீழே வந்தா பெரும்பாலான பெட்டி லைட்டை வேகமா அணைச்சு அணைச்சுப் போட்டுத்தான் மங்கலாக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனா ஓடுற கம்பில் ஒவ்வொரு மின்னலும் சீப்புப் பல் மாதிரி உடைஞ்சு தெரியும்.

கடைசியா, சுத்துறவர்கிட்ட முதலில் கேளுங்க, வலிப்பு வந்ததுண்டான்னு. வினாடிக்கு 3-லிருந்து 30 வரை மின்னுற லைட் சிலருக்கு வலிப்பைக் கிளப்பும், பக்கத்தில் நின்னு வேடிக்கை பார்க்கிறவங்களுக்கும்தான். 11 ஹெர்ட்ஸ் அதுக்கு நட்ட நடுவில் இருக்கு. அது இல்லாதவரா இருந்தாலும் இருட்டில் ஸ்ட்ரோப் அடிக்கும்போது கம்பு எங்கே இருக்குன்னு கண் ஏமாறும், தாடையில் வாங்கிக்குவார். 0.2 வினாடியில் முடியிற ஸ்பீட்லைட் முறை இந்த விஷயத்திலும் மேல்.

---

பற்றாசு:

ஹாட் ஷூ கேள்விக்கு வருகிறேன். மலிவான ஸ்ட்ரோப்களில் மின்மாற்றி கிடையாது. 230 வோல்ட் மெயின்ஸ், ஒரு டயோடு, ஒரு பெரிய ரெசிஸ்டர், அதன் பின் 400 வோல்ட் கெப்பாசிட்டர். ட்யூபின் இரு முனைக்கும் இடையே 325 வோல்ட் வரை நிற்கும். சர்க்யூட்டின் கிரவுண்ட் என்று நீங்கள் நினைக்கும் இடமே பிளக்கைத் திருப்பிச் செருகினால் ஃபேஸ் ஆகிவிடும். அதிலிருந்து ஒரு வயர் எடுத்துக் கேமராவில் கொடுத்தால் கேமரா முதலில் போகும். கேமராவைப் பிடித்திருப்பவர் அடுத்து. மிகைப்படுத்தவில்லை.

இதில் ஸ்டுடியோ ஃப்ளாஷ் செய்ய முடியுமா என்பதற்கு ஆற்றல் கணக்கே பதில். கெப்பாசிட்டரில் சேரும் ஆற்றல், கொள்ளளவில் பாதியை வோல்டேஜின் வர்க்கத்தால் பெருக்கினால் வரும். 10 மைக்ரோஃபாரட், 325 வோல்ட் என்றால் 0.53 ஜூல். 1400 மைக்ரோஃபாரட், 330 வோல்ட் உள்ள ஸ்பீட்லைட் 76 ஜூல். ஏழு ஸ்டாப்புக்கு மேல் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). பெட்டியில் எழுதியிருக்கும் 20 வாட்டை 10 மின்னலுக்குப் பங்கிட்டாலும் ஆளுக்கு 2 ஜூல்தான், அதிலும் கெப்பாசிட்டரை ரெசிஸ்டர் வழியாகச் சார்ஜ் செய்யும்போது சேரும் அளவுக்குக் கிட்டத்தட்ட சமமான ஆற்றல் ரெசிஸ்டரிலேயே சூடாகப் போகிறது. ஒரு மின்னலுக்கு 1 ஜூல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

75 ஜூல் ஸ்பீட்லைட்டின் கைடு நம்பர் (மீட்டரில் தூரத்தை எஃப் எண்ணால் பெருக்கினால் வருவது), ஐஎஸ்ஓ 100-ல், 36 என்று எடுத்தால் 1 ஜூலுக்கு அது 4 சொச்சம். 3 மீட்டரில் எஃப் 1.4 வேண்டும். நீங்கள் எஃப் 8-ல் எடுத்திருக்கிறீர்கள், ஐந்து ஸ்டாப் போதவில்லை. ஐஎஸ்ஓ 1600-க்கு ஏற்றினால் 3 மீட்டரில் எஃப் 5.6. பார்ட்டி ஸ்ட்ரோப்பின் ரிஃப்ளெக்டர் வெளிச்சத்தை அகலமாகச் சிதறடிப்பதால் இன்னொரு ஸ்டாப் விடுங்கள், எஃப் 4.

ட்ரிகரைக் கேமரா கைக்குக் கொண்டுவர வேண்டும் என்றே நின்றால், ஆப்டோகப்ளர் (இரு பக்கமும் மின்தொடர்பு இல்லாமல் வெளிச்சத்தால் சிக்னல் கடத்தும் ஐசி) வழியாக மட்டும். மெயின்ஸ் சர்க்யூட்டில் வேலை செய்து பழக்கமில்லாதவர் இந்தப் பத்தியைத் தாண்டிவிடவும். போர்டில் டிபி3 என்ற நீல நிற டையாக் அல்லது ஒரு நியான் பல்ப் இருக்கும். அதுதான் வேகத் திருகோடு சேர்ந்து, ட்யூபைப் பற்றவைக்கும் மின்னணு ஸ்விட்சான எஸ்சிஆரின் கேட்டை இயக்குகிறது. அதைக் கழற்றிவிட்டு, ட்ரிகர் கெப்பாசிட்டரின் பிளஸ் முனையிலிருந்து 4.7 கிலோஓம் ரெசிஸ்டர், எம்ஓசி3023-ன் வெளியீட்டுப் பக்கம், அங்கிருந்து எஸ்சிஆர் கேட் என்று வரிசையாகப் போட வேண்டும். உள்ளீட்டுப் பக்கம் இரண்டு ஏஏ செல், 220 ஓம், அதோடு கேமராவின் சிங்க் சாக்கெட். 8 மில்லிஆம்பியர் ஓடும், அந்த ஐசிக்கு 5 போதும். கடைக்காரர் எம்ஓசி3041 அல்லது 3061 கொடுத்தால் வாங்காதீர்கள். அவை ஜீரோ கிராஸிங் வகை. வோல்டேஜ் பூஜ்யத்துக்கு அருகில் வந்தால்தான் திறக்கும். இங்கே 300 வோல்ட் டிசி நிலையாக நிற்பதால் ஒருநாளும் திறக்காது. கெட்டுப்போன ஐசி என்று நினைத்து நாலு ஐசி மாற்றிப் பார்ப்பீர்கள்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் இருக்கும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம். 4.7 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் போட்ட கிளிப்பில் பிடித்துச் சில வினாடி வைத்து, மீட்டரில் 10 வோல்ட்டுக்குக் கீழே வந்ததைப் பார்த்த பிறகு கை வையுங்கள்.

இவ்வளவும் செய்து கிடைப்பது ஒரு ஜூல் ஃப்ளாஷ். பழைய ஸ்பீட்லைட் ஒன்றை மேனுவலில் 1/64-ல் வைத்தால் அதே வெளிச்சம், அதே வேகம், ஷாக் அடிக்காமல்.

---

கம்புநுனி:

கூட்டல் குறி புரிஞ்சது, நன்றி. பெட்டியைத் திறக்கிற எண்ணத்தையும் விட்டாச்சு. ஸ்பீட்லைட் ரெண்டு ஏற்பாடு பண்ணலாம், ரேடியோ ட்ரிகர் இருக்கு.

சந்தேகம் மூணு. ஒண்ணு, பற்றாசு சார், கெப்பாசிட்டரைப் பெரிசா மாத்தினா சின்ன ஸ்ட்ரோப்பில் வெளிச்சம் ஏறாதா? அதைச் செய்யப் போறதில்லை, தெரிஞ்சுக்கத்தான். ரெண்டு, திருகில் எண்ணே இல்லை, 11 ஹெர்ட்ஸ்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? மூணு, 60 ஹெர்ட்ஸில் 12 மின்னல் போட்டுப் பார்த்தேன், கம்பு அருமையா வருது, சுத்துறவர் முகமும் வேட்டியும் வெளுத்துப் போகுது. பவரைக் குறைச்சா கம்பும் சேர்ந்து மங்குது.

---

பற்றாசு:

ஏறும், கொஞ்ச நேரத்துக்கு. 10-ஐ எடுத்துவிட்டு 100 மைக்ரோஃபாரட் போட்டால், 1 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக அது நிரம்ப நேரம் பத்து மடங்கு ஆகும். டயோடு அரை சைக்கிள்தான் விடுகிறது என்பதால் அதுவும் போதாது. 10 ஹெர்ட்ஸில் கெப்பாசிட்டர் பாதி நிரம்புவதற்குள் அடுத்த ட்ரிகர் வந்துவிடும். சில மின்னல் தவறும், சில மங்கும். வேகத்தைக் குறைத்து ஓட்டினால் ஒவ்வொரு மின்னலும் 5 ஜூலாகும், அவ்வளவு பெரிய அடிக்கு அந்தச் சின்ன யு வடிவ ட்யூப் செய்யப்படவில்லை. முனைகளில் கறுத்துப்போய், பிறகு கண்ணாடியில் மயிரிழை விரிசல் விழும். ரெசிஸ்டர் போர்டைக் கருக்குவது தனி.

கெப்பாசிட்டர் மாற்றாமலேயே மின்னல் தவறினால் மெயின்ஸ் வோல்டேஜைப் பாருங்கள். 180-க்கு இறங்கும் ஊரில் ட்யூப் பற்றாமல் போவது சகஜம். இந்த டையாக் சர்க்யூட்டின் வேகமும் வோல்டேஜோடு சேர்ந்து ஏறி இறங்கும். காலையில் 11-க்கு வைத்தது சாயங்காலம் 10 ஆகியிருக்கும்.

வேகத்தை அளக்க எளிய வழி: கால்குலேட்டரிலோ தோட்ட விளக்கிலோ வரும் சின்ன சோலார் தகடு ஒன்றை லேப்டாப் மைக் உள்ளீட்டில் இணைத்து, ஸ்ட்ரோப் பக்கம் காட்டி 5 வினாடி ஆடியோ ரெக்கார்ட் செய்யுங்கள். அலைவடிவத்தில் ஒவ்வொரு மின்னலும் ஒரு முள்ளாக நிற்கும். எண்ணி 5-ஆல் வகுத்தால் ஹெர்ட்ஸ். ஸ்ட்ரோப் ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். இடைவெளிக்கு இது துல்லியம். மின்னலின் நீளத்தை மட்டும் இதில் அளக்காதீர்கள், சோலார் தகடு மெதுவானது, எல்லா மின்னலையும் நீட்டிக் காட்டும்.

---

இருட்டறை:

முகம் வெளுக்கிறது தப்பு இல்லை, இந்த முறையின் இயல்பே அதுதான். கம்பு ஒவ்வொரு மின்னலுக்கும் வேற இடத்தில் இருக்கு, அதனால ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மின்னல் வெளிச்சம். ஆள் அசையாம நிக்கிறார், பன்னிரண்டும் அவர் மேலேயே விழுது. 12 மடங்குன்னா மூணரை ஸ்டாப்புக்கு மேல. கம்பு சரியா வர்ற அளவுக்கு வச்சா வேட்டி போயே போச்சு. பின்னாடி இருக்கிற சுவருக்கும் தரைக்கும் இதே கணக்குதான். வெறும் கறுப்புத் துணி கட்டினாலும் பன்னிரண்டு மின்னலில் சாம்பல் நிறமாத் தெரியும்.

தீர்வு பவரில் இல்லை, லைட்டின் வடிவத்தில் இருக்கு. கம்பு சுத்துற தளத்தில் மட்டும் வெளிச்சம் ஓடணும், ஆள் மேல படக் கூடாது.

கம்பை உடம்புக்கு முன்னாடி, கையை நல்லா நீட்டி, கேமராவைப் பார்த்த தளத்தில் சுத்தச் சொல்லுங்க. உடம்புக்கும் கம்புக்கும் 40, 50 சென்டிமீட்டர் இடைவெளி கிடைக்கும். ஸ்பீட்லைட் ரெண்டையும் இடதும் வலதும், கம்பு சுத்துற அதே தளத்தில், கை உயரத்தில் வைங்க. ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி ஒரு அடி தள்ளி ரெண்டு கறுப்பு அட்டையைச் செங்குத்தா நிறுத்தி, நடுவில் ஒரு விரல் அகலத்துக்குச் சந்து விடுங்க. சந்து வழியா வர்ற வெளிச்சம் கத்தி மாதிரி மெல்லிசாப் போகும். சரி பார்க்க, சுத்துறவரை நிறுத்திட்டு ஸ்பீட்லைட் இருக்கிற இடத்தில் டார்ச்சை வச்சு அடிங்க. கம்பில் வெளிச்சம் விழணும், மார்பில் விழக் கூடாது. மார்பில் விழுந்தா பின்பக்க அட்டையை ஒரு நூல் முன்னாடி தள்ளுங்க. அரை மணி நேரம் இதிலேயே போகும், போகட்டும். பிடிச்சிருக்கிற கை மட்டும் வெளிச்சத்துக்குள்ளேயே இருக்கும், அது வெளுக்கத்தான் செய்யும். கறுப்பு கையுறை போட்டா அடங்கிடும்.

லைட் எவ்வளவு தள்ளி? ஒரே லைட்டை மையத்திலிருந்து ஒன்றரை மீட்டரில் வச்சா கம்பின் கிட்ட நுனி அதுக்கு 0.7 மீட்டர், எட்ட நுனி 2.3 மீட்டர். மூணு ஸ்டாப்புக்கு மேல வித்தியாசம், ஒரு பக்கம் தகதகன்னும் மறுபக்கம் இருட்டாவும் இருக்கும். 3 மீட்டர் தள்ளினா வித்தியாசம் ஒன்றரை ஸ்டாப்பாக் குறையும், எதிர்ப் பக்கம் இன்னொண்ணு இருந்தா ஒண்ணு விட்டதை ஒண்ணு நிரப்பிடும். ரெண்டும் மல்டி மோடில், ரெண்டும் ரேடியோவிலேயே தொடங்கணும். ஒண்ணை ஆப்டிகல் ஸ்லேவில் (இன்னொரு ஃப்ளாஷின் வெளிச்சத்தைப் பார்த்துத் தானா சுடுற மோட்) போடாதீங்க, 60 ஹெர்ட்ஸில் அது ஒரு மின்னல் விட்டு ஒரு மின்னல்னு தாவ ஆரம்பிச்சா விசிறியில் ஒரு கம்பு பளிச்சு, ஒரு கம்பு மங்கல்னு வரும்.

1/32-க்கு ஐஎஸ்ஓ 100-ல் கைடு நம்பர் 6 சொச்சம், ஐஎஸ்ஓ 800-ல் 18. மூணு மீட்டருக்கு எஃப் 5.6-ல் ஆரம்பிங்க.

இப்போ கம்பு மட்டும் அந்தரத்தில் நிக்கும், ஆள் இருக்க மாட்டார். ஆளுக்குத் தனியா மூணாவது ஃப்ளாஷ், மேலேயிருந்து சாய்வா, ஒரே ஒரு தடவை. அதை ரேடியோவில் சேர்க்காம கையில் வச்சுக்கிட்டு டெஸ்ட் பட்டனை அழுத்தினா போதும். ஷட்டரை மட்டும் 1 வினாடிக்கு நீட்டுங்க, 1/4-க்குள் உங்க விரல் போய்ச் சேராது. விசிறி முடிஞ்ச உடனே அழுத்தணும். தாமதமானா அதுக்குள் கை நகர்ந்து, விசிறியோட ஒட்டாம தனியா ஒரு கம்பு நிக்கும். சிலருக்கு அதுவே பிடிக்குது, அது அவங்க ரசனை.

மீதி சின்னச் சின்னது: முதலில் ஃப்ளாஷே இல்லாம அதே செட்டிங்கில் ஒரு படம் எடுங்க. முழுக் கறுப்பா வரணும். வரலைன்னா ஜன்னல் இடுக்கு, ஏசியின் பச்சை எண், ட்ரிகரின் சிவப்புப் புள்ளி எல்லாத்தையும் டேப் போட்டு மூடுங்க. வேட்டிக்குப் பதிலா கறுப்பு உடை. கறுப்புத் துணி ஆளுக்கு 3 மீட்டராவது பின்னாடி, வெல்வெட்டா இருந்தா நல்லது. ஃபோகஸ் டார்ச் வெளிச்சத்தில் கம்பு மேல பிடிச்சு மேனுவலுக்கு மாத்திடுங்க, வயிற்றில் பிடிச்சா கம்பு அரை மீட்டர் முன்னாடி மங்கலா நிக்கும். ஒயிட் பேலன்ஸ் டேலைட். ட்ரைபாடில் ஸ்டெபிலைசேஷன் வேண்டாம்.

---

திண்ணைப்பக்கம்:

இடையில் ஒண்ணு சொல்லிக்கிறேன், ரிசப்ஷன் மேடை எடுக்கிறவங்களுக்கு உபயோகப்படும். மேடையில் டிஜே ஸ்ட்ரோப் ஓடும்போது உங்க ஆஃப் கேமரா ஃப்ளாஷ் ஆப்டிகல் ஸ்லேவில் இருந்தா ஸ்ட்ரோப் அடிக்கிற ஒவ்வொரு தடவையும் அதுவும் சேர்ந்து சுடும். ரெண்டு நிமிஷத்தில் பேட்டரி காலி, நீங்க கிளிக் பண்றப்போ சார்ஜ் இருக்காது. ரேடியோவுக்கு மாத்திடுங்க.

ஸ்ட்ரோப் வெளிச்சத்தையே படத்தில் பிடிக்கணும்னா பர்ஸ்ட் (தொடர்ந்து படம் எடுக்கிற) வேகம் ஸ்ட்ரோப் வேகத்தோடு ஒத்துப் போகாம பார்த்துக்குங்க. ஸ்ட்ரோப் 10, கேமராவும் வினாடிக்கு 10 ஃப்ரேம்னா, முதல் ஃப்ரேம் தவறினா வரிசை முழுக்கத் தவறும். 7-க்கோ 8-க்கோ குறைச்சா நடுவில் ஒண்ணு ரெண்டு சிக்கும். ஷட்டர் 1/30, மெக்கானிக்கல். எலக்ட்ரானிக் ஷட்டரில் சென்சார் வரி வரியாப் படிக்கிறதால ஸ்ட்ரோப் ஒரு வெள்ளைப் பட்டையா மட்டும் விழும்.

---

கம்புநுனி:

சந்து அட்டை வேலை செய்யுது. மார்பு முழுசா இருட்டாயிடுச்சு, கம்பு நிக்குது. பழைய மூங்கில் கம்பு பழுப்பு நிறம்கிறதால மட்டும் கொஞ்சம் மங்கல். நுனியில் ரிஃப்ளெக்டிவ் டேப் ஒட்டலாமா, லாரி பின்னாடி ஒட்டுவாங்களே அது?

---

இருட்டறை:

ஒட்டலாம், ஆனா இந்த ஏற்பாட்டில் அது தெரியாது. அந்த டேப் வெளிச்சம் வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். உங்க லைட் பக்கவாட்டில் இருக்கு, வெளிச்சமும் பக்கவாட்டிலேயே திரும்பிப் போயிடும், லென்ஸுக்கு வராது. சாதாரண வெள்ளைத் துணி டேப்பைச் சுத்துங்க. ஒரு ஜாண் நீளம், ரெண்டு நுனியிலும். முழுக் கம்பும் தெரியணும்னா சுண்ணாம்போ வெள்ளை போஸ்டர் பெயின்டோ ஒரு கை பூசிட்டு, காய்ஞ்ச பிறகு எடுங்க. ஈரத்தோடு சுத்தினா கறுப்புத் துணி பூரா புள்ளி விழும், அப்புறம் அந்தப் புள்ளி ஒவ்வொண்ணும் பன்னிரண்டு மின்னல் வாங்கும்.